67 நாளில் 19 ஆட்டங்கள்: ஒரு வீரரின் உடலை நம்பி நடந்த பயணம்

1925 நவம்பர் 26 முதல் 1926 ஜனவரி 31 வரை சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 19 ஆட்டங்கள் ஆடியது. கிழக்கே நியூயார்க், பாஸ்டன். தெற்கே ஃபுளோரிடா, நியூ ஆர்லியன்ஸ். மேற்கே லாஸ் ஏஞ்சலஸ், கடைசியாக சியாட்டில். இத்தனை ஊர்களிலும் மக்கள் காசு கொடுத்து உள்ளே வந்தது பெரும்பாலும் ஒரே ஆளைப் பார்க்கத்தான். அவருக்கு அப்போது 22 வயது. கல்லூரிக்காகக் கடைசி ஆட்டம் ஆடிய ஐந்தாவது நாளே இந்தப் பயணத்தின் முதல் ஆட்டத்தில் இறங்கினார்.

இங்கே கால்பந்து என்பது அமெரிக்கர்களின் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரணியினர் மேலே விழுந்து மடக்குவார்கள். ஓடுபவர் ஒவ்வொரு முறையும் ஒரு மோதலில்தான் நிற்பார். இந்த ஆய்வு முழுக்க அந்த மோதல்களைப் பற்றியது என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தப்பட்டவர்களைப் பெயரால் குறிப்பிடாமல், அவர்கள் இருந்த இடத்தால் குறிப்பிடுகிறேன்: ஆட்டக்காரர், மேனேஜர், கல்லூரிப் பயிற்சியாளர், அணி உரிமையாளர்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்ப்பது என் நோக்கமல்ல. இத்தனை பேர் கூட இருந்தும், “இன்றைக்கு இவர் ஆட வேண்டாம்” என்று சொல்லும் பொறுப்பு ஏன் ஒருவர் கையிலும் இல்லாமல் போனது? அதைத்தான் தேடிப் பார்க்கிறேன்.

பின்னணி

ஆட்டக்காரர் 1903-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபோர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மரம் வெட்டும் முகாம்களில் மேற்பார்வையாளர். ஐந்து வயதில் அம்மா இறந்தார். குடும்பம் இலினாய் மாநிலத்தின் வீட்டன் நகருக்கு இடம்பெயர்ந்தது; அப்பா பின்னர் அந்த ஊரின் போலீஸ் தலைவரானார். வசதியான வீடு இல்லை. பள்ளி நாட்களிலிருந்தே கோடை விடுமுறைகளில் ஐஸ் வண்டியில் வேலை. குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முந்தைய காலம் அது. கனமான ஐஸ் கட்டிகளைத் தோளில் தூக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு கோடையில் வண்டிச் சக்கரம் காலில் ஏறி, காலே போய்விடுமோ என்ற நிலை வந்து தப்பினார். கல்லூரியில் புகழ் பெற்ற பிறகும் ஐஸ் வேலையை விடவில்லை. பத்திரிகைகள் அவரை “வீட்டனின் ஐஸ்காரர்” என்றே எழுதின.

1923 முதல் 1925 வரை இலினாய் பல்கலைக்கழக அணியில் ஆடினார். மூன்று ஆண்டும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களின் பட்டியலில் இடம்பிடித்தார். 1924 அக்டோபர் 18 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம்தான் அவரை நாடறிய வைத்தது. இலினாய் புதிதாகக் கட்டிய நினைவு மைதானத்தின் அர்ப்பணிப்பு நாள் அது. ஏறத்தாழ 67,000 பேர் கூடியிருந்தார்கள். எதிரணி உதைத்த முதல் பந்தையே பிடித்து 95 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்தார், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார். அடுத்து 67 கெஜம், 56 கெஜம், 44 கெஜம். முதல் 12 நிமிடங்களில் நான்கு டச்டவுன்கள். இலினாய் 39–14 என்று வென்றது.

அன்று அந்த 67,000 பேர் கொடுத்த டிக்கெட் பணத்தில் ஆட்டக்காரருக்கு ஒரு காசும் இல்லை. கல்லூரி ஆட்டம் என்பது அமெச்சூர் ஆட்டம். அதில் பணம் வாங்குவது குற்றம். மைதானம் கட்டிய பல்கலைக்கழகத்துக்கு வருமானம் உண்டு, பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. அடுத்த கோடையில் ஆட்டக்காரர் மறுபடி ஐஸ் தூக்கினார். பின்னால் அவர் எடுத்த முடிவுகளை எடைபோடும்போது இதை ஒதுக்கிவிட முடியாது.

மறுபக்கம், தொழில்முறைக் கால்பந்தின் நிலை. 1920-இல் ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு கார் விற்பனைக் கூடத்தில் கூடிப் பேசித் தொடங்கிய சங்கம் அது. 1922-இல் தேசியக் கால்பந்து லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1925-இல் 20 அணிகள் இருந்தன. பல அணிகள் அடுத்த ஆண்டைப் பார்க்குமா என்றே சொல்ல முடியாது. வீரர்களுக்கு ஓர் ஆட்டத்துக்கு 100 முதல் 200 டாலர் வரை கிடைக்கும். சில ஆயிரம் பேர் வந்தால் நல்ல கூட்டம். காசுக்கு ஆடுவதைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வெளிப்படையாகவே இழிவாகப் பேசினார்கள்.

மேனேஜர் வந்த விதம்

மேனேஜர் கால்பந்துக்காரர் இல்லை. பல்கலைக்கழகம் இருக்கும் ஷாம்பெயின் நகரில் சினிமா தியேட்டர் நடத்தியவர். படம் பார்க்க வந்த ஆட்டக்காரரைக் கூப்பிட்டு, ஒரு லட்சம் டாலர் சம்பாதிக்க விருப்பமா என்று கேட்டதிலிருந்து உறவு தொடங்கியது. ஒரு கூட்டத்தை எது உள்ளே இழுக்கும் என்பது தியேட்டர்காரருக்குத் தெரியும். மாணவர் ஒருவர் சனிக்கிழமைதோறும் அரங்கங்களை நிரப்புவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறை அணிகள் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடுவதும் அவர் கண்ணில் பட்டன. இரண்டையும் இணைத்தால் பணம் என்று புரிந்துகொண்டார்.

அவரை வில்லனாகக் காட்டுவது எளிது. பலர் அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டக்காரருக்காகப் பேரம் பேச வேறு யாரும் முன்வரவில்லை. அவர் இல்லையென்றால், வறுமையில் வளர்ந்த 22 வயதுப் பையன் அனுபவமுள்ள அணி உரிமையாளர்கள் முன் தனியாக உட்கார்ந்து என்ன கேட்டிருப்பார்? ஓர் ஆட்டத்துக்குச் சில நூறு டாலர்தான்.

முதல் முடிவு: படிப்பை விட்டது

1925 நவம்பர் 21. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எதிரான கடைசிக் கல்லூரி ஆட்டத்தை இலினாய் 14–9 என்று வென்றது. ஆட்டம் முடிந்த கையோடு, தொழில்முறைக்குப் போகிறேன் என்று ஆட்டக்காரர் அறிவித்தார். மறுநாள் சிகாகோவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அன்றே பேர்ஸ் அணியின் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். பட்டம் பெறவே இல்லை.

கல்லூரிப் பயிற்சியாளர் கடுமையாக எதிர்த்தார். நீங்கள் சொல்லிக்கொடுக்கப் பணம் வாங்கும்போது நான் ஆடுவதற்குப் பணம் வாங்கினால் மட்டும் எப்படித் தப்பாகும் என்று ஆட்டக்காரர் திருப்பிக் கேட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் இடையே கொஞ்ச காலம் பேச்சு நின்றுபோனது. அப்புறம் சமாதானம் ஆனார்கள்.

இந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். கால்பந்து வீரரின் உடல் சில ஆண்டுகளுக்குத்தான் இந்த வேகத்தைத் தரும். புகழ் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் விற்காமல், பட்டம் வாங்கிக்கொண்டு அடுத்த இலையுதிர் காலத்தில் விற்கலாம் என்று காத்திருந்தால், அதற்குள் வேறொரு பெயர் வந்திருக்கும். சிக்கல் அவர் விற்றதில் இல்லை, விற்ற முறையில் இருந்தது.

இரண்டாவது முடிவு: வசூலில் பங்கு

டிக்கெட் வசூலில் பாதி அணிக்கு, மீதிப் பாதி ஆட்டக்காரருக்கும் மேனேஜருக்கும். அந்தப் பாதியில் 60 விழுக்காடு ஆட்டக்காரருக்கு, 40 மேனேஜருக்கு. அன்றைய நிலையில் இது அசாதாரணமான பேரம். கூட்டம் யாருக்காக வருகிறதோ அவருக்கே வசூலில் பெரும்பங்கு என்பது நியாயமாகவும் தெரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஆடாத நாளுக்கு வருமானமே இல்லை. ஆட்டம் கூடினால் பணம் கூடும். ஆட்டக்காரர், மேனேஜர், இரண்டு உரிமையாளர்கள், அழைக்கும் உள்ளூர் அணி என்று எல்லோருக்கும் ஒரே திசையில்தான் லாபம்: இன்னொரு தேதி, இன்னொரு ஊர். ஓய்வு கொடுப்பதால் பயனடையும் ஆள் மேசையைச் சுற்றி ஒருவரும் இல்லை. ஆட்டக்காரரின் உடம்புக்குக்கூட அதில் ஆள் இல்லை. அவரே வசூலின் முதல் பங்காளி ஆகிவிட்டார்.

பேர்ஸ் அணியின் உரிமையாளர்கள் இருவரும் அதே அணியில் களமிறங்கி ஆடியவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களை ஓடவிட்டவர்கள் அல்ல. அவர்களும் அதே அடியைத் தாங்கினார்கள். அதனால்தான் இந்த நிகழ்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. களத்தின் வலி தெரிந்தவர்களே போட்ட அட்டவணை இது.

மற்ற வீரர்களின் நிலை வேறு. அணியில் ஏறத்தாழ 18 பேர். அந்தக் காலத்தில் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பதினொரு பேர்தான். நட்சத்திரம் அடிபட்டால் செய்தி வரும். அவருக்கு வழிவிட்டு முன்னால் மோதுகிறவர் அடிபட்டால் வராது. வசூல் பத்து மடங்கு பெருகியபோதும் இவர்களுக்கு வசூலில் பங்கு இல்லை, ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற சம்பளம்தான்.

பயணத்தின் முதல் பாதி

நவம்பர் 26, நன்றி நவிலும் நாள் விடுமுறை. சிகாகோவில், இன்று ரிக்லி ஃபீல்டு என்று அழைக்கப்படும் மைதானத்தில், அதே நகரின் கார்டினல்ஸ் அணியோடு ஆட்டம். 36,000 பேர் வந்தார்கள். தொழில்முறைக் கால்பந்து அதுவரை இப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. எதிரணியின் உதைப்பாளர் பந்தை வேண்டுமென்றே ஆட்டக்காரர் கைக்கு எட்டாத பக்கமாக உதைத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் 0–0 என முடிந்தது. மூன்று நாள் கழித்துப் பனி பெய்யும் மைதானத்தில் கொலம்பஸ் அணிக்கு எதிராக 28,000 பேர்.

அதன்பிறகு அட்டவணை நெருக்கியது. டிசம்பர் 2 செயின்ட் லூயிஸ். டிசம்பர் 5 பிலடெல்பியா: மழையும் சேறும், 35,000 பேர், அணியின் இரண்டு டச்டவுன்களும் ஆட்டக்காரருடையவை. சேறு படிந்த சீருடையைத் துவைக்கக்கூட நேரமின்றி ரயிலேறி, மறுநாளே நியூயார்க்கின் போலோ மைதானத்தில் இறங்கினார்கள்.

டிசம்பர் 6 நியூயார்க் ஆட்டம் இந்தப் பயணத்தின் உச்சம். ஏறத்தாழ 70,000 பேர். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை அதன் உரிமையாளர் அந்த ஆண்டுதான் வாங்கியிருந்தார். சீசன் முடிவதற்குள் சுமார் 40,000 டாலர் நஷ்டத்தில் இருந்தார். ஆட்டக்காரரைத் தன் அணிக்கு எடுக்க சிகாகோ வரை போனவர். அவர் பேர்ஸுக்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும், சரி, எங்கள் ஊருக்காவது வந்து ஆடுங்கள் என்று ஒரு தேதி வாங்கித் திரும்பினார். அந்த ஒரு பிற்பகலின் வசூல் கடனை அடைத்து அணியை லாபத்துக்குக் கொண்டுவந்தது. ஆட்டத்தை பேர்ஸ் 19–7 என்று வென்றது. தடுப்பில் நின்ற ஆட்டக்காரர், எதிரணி வீசிய பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடித்து டச்டவுன் எடுத்தார். அன்று அவர் வாங்கிய அடிகளும் குறைவில்லை.

மறுநாள் ஆட்டம் இல்லை. அந்த நாளும் ஓய்வாகக் கழியவில்லை. ஹோட்டல் அறையில் விளம்பர ஒப்பந்தங்கள் வரிசையாகக் கையெழுத்தாயின: ஸ்வெட்டர், காலணி, பொம்மை, மிட்டாய், குளிர்பானம். சினிமாவில் நடிப்பதற்கு என்று 3,00,000 டாலர் காசோலை ஒன்றை மேனேஜர் பத்திரிகையாளர்களிடம் காட்டினார். அது பரபரப்புக்காகச் செய்தது. இருந்த ஓய்வு நாளும் வசூல் கணக்கிலேயே சேர்ந்தது.

டிசம்பர் 8 வாஷிங்டன். டிசம்பர் 9 பாஸ்டன். பாஸ்டனில் பேர்ஸ் தோற்றது. களைத்துப் போயிருந்த ஆட்டக்காரரால் பெரிதாக ஓட முடியவில்லை. காசு கொடுத்து வந்தவர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். சில வாரங்களுக்கு முன் நாடே கொண்டாடிய ஆளுக்கு இந்த வரவேற்பு. மேனேஜரும் உரிமையாளர்களும் பார்த்து நின்றிருக்க வேண்டிய இடம் இதுதான். எட்டு நாளில் ஐந்தாவது ஆட்டம், வேகம் போய்விட்டது, கூட்டம் அதிருப்தியில் இருக்கிறது. உடம்பை விடுங்கள், வியாபாரக் கண்ணோடு பார்த்தாலே சரக்கு பழுதாகிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் மறுநாள் பிட்ஸ்பர்க் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது.

பிட்ஸ்பர்க், டிசம்பர் 10

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஆட்டக்காரரின் இடது கையில் பலத்த அடி. தசை கிழிந்து, உள்ளே ரத்தக் குழாய் உடைந்து, கை வீங்கிவிட்டது. வெளியே வந்தார். பேர்ஸ் 24–0 என்று தோற்றது. ரத்தக் கட்டு என்று சொல்லி மருத்துவர்கள் ஆடக் கூடாது என்றார்கள்.

பயணம் தொடங்கியதிலிருந்து அவர் ஆடக் கூடாது என்று ஒருவர் சொல்லி, அது நடந்ததும் இதுதான் முதல் முறை. சொன்னவர்களுக்கு வசூலில் பங்கு இல்லை. அடிபட்ட பிறகுதான் அவர்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

டிசம்பர் 12 டெட்ராய்ட். ஆட்டக்காரர் இறங்க மாட்டார் என்ற செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பேர்ஸ் 21–0 என்று தோற்றது. மறுநாள் சிகாகோவில் நியூயார்க் அணி வந்து 9–0 என்று வென்று போனது. ஆக, 18 நாளில் 10 ஆட்டங்கள். அவற்றில் கடைசி எட்டு 12 நாளுக்குள். கடைசி நான்கிலும் தொடர் தோல்வி. நட்சத்திரம் மட்டுமல்ல, மொத்த அணியும் நொறுங்கிப்போயிருந்தது என்பதற்கு அந்த நான்கு ஆட்டங்களே சான்று. இறுதி இரண்டில் அவர் ஆடவே இல்லையே. ஆடிய மற்றவர்களிடமும் எதுவும் மிச்சமில்லை.

இரண்டாம் பாதி: கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள்

டிசம்பர் 25 அன்று ஃபுளோரிடாவின் கோரல் கேபிள்ஸில் பயணம் மறுபடி தொடங்கியது. இடையில் கிடைத்தது 11 நாள். அந்த ஆட்டத்துக்காக அவசரமாக மரத்தில் அரங்கம் எழுப்பியிருந்தார்கள். டிக்கெட் விலை அதிகம், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஜனவரி 1 டாம்பா, 2 ஜாக்சன்வில், 10 நியூ ஆர்லியன்ஸ், 16 லாஸ் ஏஞ்சலஸ், 17 சான் டியாகோ, 24 சான் பிரான்சிஸ்கோ, 30 போர்ட்லாந்து, 31 சியாட்டில். லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தில் வந்த கூட்டம் நியூயார்க்குக்கு ஈடானது.

இந்த முறை ஒன்பது ஆட்டங்கள், 38 நாள். தனி ரயில் பெட்டி ஏற்பாடு செய்தார்கள், அதனால் தூக்கம் ஓரளவு ஒழுங்கானது. இந்தப் பாதியில் பேர்ஸ் தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில், சான் பிரான்சிஸ்கோவில். ஆட்டங்களுக்கு இடையே ஒரு வாரம் விட்டால் அணி தாங்கும் என்பது கண்ணெதிரே தெரிந்தது. ஆனாலும் அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் மூன்று முறை இருந்தன. பாடத்தைப் பாதிதான் எடுத்துக்கொண்டார்கள்.

பயணம் முடிந்தபோது ஆட்டக்காரரின் பங்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

அடுத்து நடந்தது

1926-இல் மேனேஜர் பேர்ஸ் அணியிலேயே பங்கு கேட்டார். உரிமையாளர்கள் மறுத்தார்கள். யாங்கி மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்து, நியூயார்க்கில் தனி அணி வேண்டும் என்று லீக்கிடம் போனார். தன் ஊரில் இன்னொரு அணி வருவதை ஜயன்ட்ஸ் உரிமையாளர் ஏற்கவில்லை. உடனே மேனேஜர் ஒன்பது அணிகளோடு ஒரு போட்டி லீக்கையே தொடங்கினார். சீசன் முடியும்போது நான்கு அணிகள்தான் மிஞ்சின; லீக் கலைந்தது. ஆட்டக்காரர் ஆடிய நியூயார்க் யாங்கீஸ் அணி மட்டும் 1927-இல் தேசிய லீக்குக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டது.

1927 அக்டோபர் 16, சிகாகோ. பேர்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டம். பந்தைப் பிடிக்க எழும்பிய ஆட்டக்காரரின் காலணி ஆணி தரையில் சிக்கிக்கொள்ள, எதிரணியின் பெரிய உடம்புக்காரர் ஒருவர் மேலே விழுந்தார். முழங்கால் கிழிந்தது.

இந்த முழங்கால் காயத்தையும் 1925 பயணத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. நான் அப்படிப் போட மாட்டேன். நன்றாக ஓய்வெடுத்த வீரருக்கும் காலணி சிக்கலாம். பயணத்தால் வந்த காயம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது கைக்காயம் மட்டுமே. முழங்காலில் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த வாரங்கள். அவர் இல்லாத யாங்கீஸ் அணிக்குக் கூட்டம் இல்லை. அணி அவரும் மேனேஜரும் சேர்ந்து நடத்துவது. அதனால் மூன்று ஆட்டங்களை மட்டும் விட்டுவிட்டு, சரியாக ஆறாத முழங்காலோடு அதே சீசனில் திரும்பவும் இறங்கினார். பிட்ஸ்பர்க்கில் இருந்த அதே கணக்கு இங்கேயும் வேலை செய்தது. இப்போது அவர் முதலாளியாகவும் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

1928 முழுவதும் ஆட முடியவில்லை. மேனேஜரோடு ஒப்பந்தம் முடிந்து பிரிந்தார். ஓடும்போது சட்டென்று வெட்டி வளையும் அந்தப் பழைய லாவகம் திரும்பி வரவில்லை என்றும், அதன்பிறகு தான் ஒரு சாதாரண ஓட்டக்காரர்தான் என்றும் அவரே பிற்காலத்தில் சொன்னார்.

1929-இல் பேர்ஸுக்குத் திரும்பினார். எனக்கு இந்த வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓட்டம் போய்விட்டது என்று தெரிந்தும் ஒதுங்கவில்லை. தடுப்பாட்டத்தைக் கற்று, அதில் நம்பகமானவராக ஆனார். 1932 டிசம்பர் 18 அன்று, கடும் பனியால் சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்கில், சுருங்கிய களத்தில் நடந்த பட்டப் போட்டியில் டச்டவுன் பந்தைப் பிடித்தவர் இவர். 1933 டிசம்பர் 17, லீக்கின் முதல் முறையான இறுதிப் போட்டி. பேர்ஸ் 23–21 என்று முன்னிலையில் இருக்க, கடைசி நொடிகளில் நியூயார்க் வீரர் ஒருவர் பந்தைப் பிடித்துப் பாய்ந்து வந்தார். பக்கத்திலேயே இன்னொரு நியூயார்க் வீரர், அவர் பந்தைப் பக்கவாட்டில் வீசினால் வாங்கிக்கொண்டு ஓடத் தயாராக. எதிரே நின்றது இவர் மட்டும். வழக்கம்போல் காலைப் பிடிக்காமல், பந்தோடு சேர்த்து இரண்டு கைகளையும் கட்டிப் பிடித்து விழுத்தாட்டினார். பந்து கைமாறவில்லை. பட்டம் பேர்ஸுக்கு. வேகமே இல்லாத ஒருவர், எதிராளி என்ன செய்யப் போகிறார் என்று ஒரு நொடி முன்னால் கண்டுகொண்டதால் வந்த வெற்றி அது.

1934-க்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்தினார். காப்பீட்டுத் தொழில், வானொலி, தொலைக்காட்சி வர்ணனை என்று வாழ்ந்தார். 1963-இல் கேன்டனில் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்க்கூடம் திறந்தபோது முதல் 17 பேரில் ஒருவர். 1991-இல் ஃபுளோரிடாவில் 87 வயதில் காலமானார்.

லீக் என்ன மாற்றியது, எதை மாற்றவில்லை

பயணம் முடிந்த உடனேயே, 1926-இல், லீக் ஒரு விதி கொண்டுவந்தது: ஒரு மாணவரின் வகுப்பு பட்டம் பெறும் வரை அவரை எந்த அணியும் எடுக்கக் கூடாது. கல்லூரிகளின் கோபம் தணிந்தது. அணிகளும் நட்சத்திர மாணவரைச் சீசன் நடுவில் பறித்துக்கொள்ள முடியாமல் ஆனது. வீரருக்கோ, பேரம் பேச வாய்ப்பான வாரம் கைநழுவிப் போனது.

இத்தனை ஆட்டத்துக்கு இத்தனை நாள் இடைவெளி வேண்டும், அடிபட்டவரை எத்தனை வாரம் இறக்கக் கூடாது என்றெல்லாம் அந்த விதியில் ஒன்றும் இல்லை. பயணம் எழுப்பிய இரண்டு கேள்விகளில், நிறுவனங்களை நோகடித்த கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்தது.

எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

பயணமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 36,000, 70,000 என்று கூட்டத்தைக் காட்டியிராவிட்டால் அந்த லீக் நிலைத்திருக்குமா என்பதே சந்தேகம். நியூயார்க் அணி தப்பியது இதனால்தான். ஆட்டக்காரரும் ஐஸ் வண்டிக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை நிலையான தொகையாக வைத்திருக்கலாம். பயணம் முழுக்க இவ்வளவு, ஆடினாலும் ஆடாவிட்டாலும். அதற்கு மேல் வசூலில் பங்கு. அப்படி இருந்தால் பாஸ்டனுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஒரு நாள் உட்கார்வது ஆட்டக்காரருக்கு முழு நஷ்டமாகத் தெரிந்திருக்காது. அன்று அவருக்கு இருந்த பேர பலத்துக்கு இதைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மேனேஜருக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் அவருடைய பங்கும் விழுக்காட்டில்தான் இருந்தது.

இன்னொன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிட்ஸ்பர்க்கில் அடிபட்ட பின் வந்த மருத்துவரைப் போல, வசூலோடு சம்பந்தமில்லாத ஒருவர் பயணத்தின் முதல் நாளிலிருந்தே கூட இருந்திருக்க வேண்டும். அவர் சொன்னால் ஆட்டக்காரர் உட்கார வேண்டும் என்பது எழுத்தில் இருந்திருக்க வேண்டும். ஆட்டக்காரரிடமே அந்த முடிவை விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். பல்லாயிரம் பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்தும்போது, 17 சக வீரர்கள் களத்தில் இறங்கும்போது, 22 வயதில் யார்தான் “எனக்குக் கை வலிக்கிறது” என்று சொல்வார்கள்?

விளம்பரத்திலும் ஒரு வழி இருந்தது. அவர் முழு ஆட்டமும் ஆடுவார் என்ற எண்ணத்தோடுதான் எல்லா ஊரிலும் டிக்கெட் விற்றார்கள். முதல் பாதியில் மட்டும் இறங்குவார் என்று முன்கூட்டியே சொல்லி விற்றிருந்தால் கொஞ்சம் குறைவாக விற்றிருக்கும். பாஸ்டனின் கூச்சலையும் டெட்ராய்டின் பணத் திருப்பத்தையும் தவிர்த்திருக்கலாம்.

அப்புறம் அந்த மற்ற 17 பேர். இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது நட்சத்திரத்தின் கையைப் பற்றித்தான் பேசுகிறோம், நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். அவருக்காக முன்வரிசையில் மோதியவர்களுக்கு அந்த 18 நாளில் என்ன ஆனது என்பதை டிசம்பரின் கடைசி நான்கு தோல்விகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நூறு டாலருக்கும் இருநூறு டாலருக்கும் ஆடிய அவர்களுக்கு, 70,000 பேர் வந்த நாளிலாவது ஒரு பங்கு எழுதியிருந்தால், “இந்த அட்டவணை தாங்காது” என்று சொல்ல அவர்களுக்கும் ஓர் உரிமை கிடைத்திருக்கும்.